ஓனிக்கு ஓலை வாசித்த ஞாயிறு

டார்பி கான்சிடைனை நல்லவன் என்று சொல்கிறவர்கள் என் கடையில் வந்து சாப்பிட வேண்டாம். ஹோபார்ட் துறைமுகத்தில் வேறு சாப்பாட்டுக் கடைகளா இல்லை? அங்கே போய் உட்கார்ந்து, ஞாயிறுதோறும் முன்னால் நின்று ஜெபமாலை சொல்லும் அந்த மகானைப் பற்றி உருகி உருகிப் பேசிக்கொண்டே ஆட்டுக்கறியை மெல்லட்டும். எனக்கு அவனை ஊரிலிருந்தே தெரியும். அவன் பெண்டாட்டி ஓனியையும் தெரியும். அவர்கள் கல்யாணத்தில் விடிய விடிய ஆடி, மறுநாள் காலைத் தரையில் ஊன்ற முடியாமல் கிடந்தவள் நான்.

அயர்லாந்தில் எங்கள் கிளேர் சீமையில் கல்யாணமெல்லாம் தவக்காலம் பிறப்பதற்கு முந்தின நாட்களில்தான். அதுவும் கோயிலில் இல்லை, பெண் வீட்டில். சாமியார் குதிரையில் வருவார், ஜெபம் சொல்வார், இரண்டு வாய் சாராயம் குடிப்பார், அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விடுவார். யாரும் எதையும் எழுதி வைப்பதில்லை. ஊரே கண்ணால் பார்த்த பிறகு எழுத்து எதற்கு?

அடுத்த வருஷமே நான் ஒரு பசுவைத் திருடிவிட்டு, அதற்குக் கூலியாக இந்த வான் டீமன் தீவுக்குக் கைதியாகக் கப்பலேறிவிட்டேன். அப்புறம்தான் அங்கே உருளைக்கிழங்கு அழுகியது. மண்ணைத் தோண்டினால் கறுப்புக் கூழ். ஜனங்கள் சாலையோரத்தில் புல்லைத் தின்று வாய் பச்சையாகச் செத்தார்கள். பண்ணையாரின் கோதுமை மட்டும் வண்டி வண்டியாகத் துறைமுகம் போனது, சிப்பாய் காவலோடு. டார்பி அந்தப் பண்ணையாரின் ஆடு ஒன்றை அடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். பெண்டாட்டியும் கைக்குழந்தையும் அதை முழுசாகத் தின்று முடிப்பதற்குள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பத்து வருஷம், கடலுக்கு அப்பால். அதுவரைக்கும் அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ஆட்டுக்காக அவனை இன்றைக்கும் கும்பிடுவேன்.

அவன் தப்பு செய்தது இங்கே வந்து இறங்கிய அன்றைக்கு. அந்தத் தப்பு எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடியது. கப்பலைவிட்டு இறங்கியதும் சர்க்கார் குமாஸ்தா மேசை போட்டு உட்கார்ந்திருப்பான். பேர் என்ன, ஊர் என்ன, பெண்டாட்டி உண்டா, பிள்ளை உண்டா என்று கேட்பான். சர்க்கார்க்காரன் கேட்டால் உண்மையைச் சொல்லக் கூடாது என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த புத்தி. அண்ணன் பேரைச் சொன்னால் நாளைக்கு அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். பெண்டாட்டி பேரைச் சொன்னால் அவள் கூரையைப் பிடுங்குவார்கள். அதனால் டார்பியும் வழக்கம்போல் தனக்குக் கல்யாணம் ஆகவில்லை, யாரும் கிடையாது என்று சொல்லிவிட்டான். அதில் அவனுக்கு ஒரு பெருமை வேறு. சர்க்காரை ஏமாற்றிவிட்டானாம்.

ஓனி அங்கே என்ன செய்தாள் தெரியுமா? கூரையை எப்படியும் பிடுங்கிவிட்டார்கள். கையில் பிள்ளை ஜூடி. கடல் தாண்ட எங்களுக்கு சர்க்கார் கப்பலை விட்டால் வேறு கப்பல் ஏது? முதலில் ஒரு கோழியைத் திருடினாள். நீதிபதி பாவம் பார்த்து ஒரு மாதச் சிறையோடு விட்டுவிட்டார். வெளியே வந்தவள் பண்ணைக் காரியஸ்தனுடைய வைக்கோல் போருக்கு நெருப்பு வைத்தாள். வைத்துவிட்டு ஓடவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்த நெருப்பிலேயே குளிர்காய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாளாம். இந்தத் தடவை நீதிபதிக்குப் பாவம் பார்க்க வழியில்லை. பதினைந்து வருஷம் என்றதும் அவள் நன்றி சொன்னாளாம். கோர்ட்டில் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது.

இங்கே வந்து இறங்கியதும் அதே மேசை. ஆனால் ஓனி, எங்கள் இனத்திலேயே முதல் ஆளாக, உண்மையைச் சொன்னாள். என் புருஷன் டார்பி கான்சிடைன், இதே ஊரில்தான் கைதியாக இருக்கிறான், அவனிடம் என்னைச் சேர்த்துவிடுங்கள் என்றாள். குமாஸ்தா பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்தான். டார்பி கான்சிடைன், கல்யாணமாகாதவன். அவ்வளவுதான். ஓனி பொய்க்காரி ஆனாள். ஜூடி அப்பன் பேர் தெரியாத பிள்ளை ஆனாள். தாயைப் பெண்கள் சிறைக்கும் பிள்ளையை அனாதைக் கொட்டடிக்கும் அனுப்பினார்கள். கொட்டடியைப் பள்ளிக்கூடம் என்றுதான் சொல்வார்கள். நான் கொட்டடி என்றுதான் சொல்வேன்.

நான் அதற்குள் தண்டனை முடிந்து, ஒரு மாலுமியைக் கட்டி, அவனையும் மண்ணில் புதைத்துவிட்டு, இந்தக் கடையை நடத்திக்கொண்டிருந்தேன். கொஞ்ச காலத்தில் ஓனியை ஒரு வியாபாரி வீட்டில் வேலைக்கு விட்டார்கள். ஞாயிறு மத்தியானம் வெளியே வர அனுமதி. வந்தவள் நேரே என் கடைக்கு வந்தாள். டார்பியை ஆளனுப்பி வரவழைத்தேன். அவன் அப்போது பீப்பாய் செய்கிறவனிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். சர்க்கார் கொடுத்த சீட்டு கையில் இருந்தது. அந்தச் சீட்டு இருக்கிற கைதி தன் சம்பாத்தியத்தில் தன் இஷ்டப்படி குடியிருக்கலாம். அவளைப் பார்த்ததும் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். எல்லோருக்கும் ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றினேன், காசு வாங்கவில்லை.

அழுது முடித்ததும் ஓனி கேட்டது ஒன்றுதான். ஜூடியை எப்போது கூட்டிவருவது?

கொட்டடியின் சட்டம் இது: புருஷனும் வீடும் உள்ள தாயிடம் மட்டும்தான் பிள்ளையைக் கொடுப்பார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு தாய் போய்ப் பார்க்கலாம். ஓனி பார்த்துவிட்டு வரும்போதெல்லாம் முகம் கல்லாகிக்கொண்டே வந்தது. தலையை மொட்டையடித்திருக்கிறார்கள். காலில் குளிர்வெடிப்பு, ரத்தம். மலையில் பனி விழ ஆரம்பித்ததும் ஜூடிக்கு இருமல் வந்தது. பக்கத்துப் படுக்கையில் இருந்த பிள்ளையை அடுத்த மாதம் காணோம். எங்கே என்று கேட்டால் பதில் சொல்லும் பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

வழி இல்லாமல் இல்லை. இரண்டு வழி இருந்தது. முதலில் இங்குள்ள எங்கள் கத்தோலிக்கச் சாமியாரிடம் போனார்கள். சர்க்கார் கண்ணில் நாங்கள் இருவரும் கல்யாணமாகாதவர்கள், அதனால் மறுபடி ஒரு கல்யாணம் செய்துவையுங்கள் என்றார்கள். சாமியார் நல்ல மனுஷன்தான். ஆனால் ஒரு தடவை தெய்வத்தின் பேரில் போட்ட கல்யாண முடிச்சை இன்னொரு தடவை போடுவது தெய்வத்தோடு விளையாடுவது, அது முடியாது என்றார். "டார்பி, மாஜிஸ்திரேட்டுகிட்ட போயி அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்னு சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார்.

டார்பி முகம் செத்துப்போனது. சர்க்காரிடம் பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டால் சீட்டைப் பிடுங்கிவிடுவார்கள். சில மாதம் சங்கிலியோடு சாலையில் கல் உடைக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றான். யோசித்தான், யோசித்தான், குளிர்காலத்தில் பாதி போய்விட்டது.

இரண்டாவது வழி ஆங்கிலச் சபைக் கோயில். அந்தப் பாதிரி கேள்வி கேட்பதில்லை. கவர்னரின் அனுமதி இருந்தால் போதும், யாருக்கு வேண்டுமானாலும் முடிச்சுப் போட்டுவிடுவார். இதை ஓனி சொன்னதும் டார்பி என் கடை மேசையைத் தட்டி எழுந்தான்.

அவன் கோபத்துக்குக் காரணம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பஞ்சத்தில் அந்தச் சபைக்காரர்கள் கஞ்சிக் கொப்பரை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். எங்கள் கோயிலுக்கு வந்து உட்கார், கஞ்சி குடி என்றார்கள். போனவர்களும் உண்டு. அவர்கள் குடும்பத்துக்கு ஏழு தலைமுறைக்கும் அந்தக் கஞ்சியின் பேர்தான். டார்பியின் அம்மா போகாமல் செத்தாள். ஓனியின் அம்மாவும்தான்.

"எங்கம்மா அந்தக் கோயில் பக்கம் தலைவச்சுப் படுக்காம செத்தா. நான் அங்க போயி மண்டி போடணுமா? நாளைக்கு நம்ம ஜனங்க மூஞ்சியில எப்பிடி முழிப்பேன்?" என்றான்.

ஓனி தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: "உன்னைத் தேடி நான் கடலையே தாண்டி வந்தேன். பெத்த பிள்ளைக்காக நீ ஒரு வாசப்படி தாண்ட மாட்டே. அப்பிடித்தானே?"

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு மாலை ஜெபத்துக்குப் போய்விட்டான். அன்றைக்கு ஜெபமாலையை அவன் சொன்ன அழகைப் பற்றி மறுநாள் என் கடையில் இரண்டு பேர் பேசினார்கள். அவர்கள் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டேன். வேண்டுமென்றேதான்.

டார்பி மேசையைத் தட்டிய அன்றைக்கு ஏபெல் என்று ஒருவன் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, கடையில் நாங்கள் பேசும் இங்கிலீஷில் நடந்த அந்தச் சண்டையை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான். மரம் அறுப்பவன், இங்கிலீஷ்காரன், ஏதோ ஒரு பிரபுவின் காட்டில் மான் பிடித்ததற்காக வந்தவன். தண்டனை முடிந்து நாளாகிவிட்டது. தினமும் வருவான், தலையிலிருந்து மரத்தூள் கொட்டக் கொட்டச் சாப்பிடுவான், ஒரு வார்த்தை பேசாமல் போவான். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாது என்று நாங்கள் கேலி செய்வோம். அடுத்த ஞாயிறு அவன் ஓனி எதிரில் வந்து நின்றான். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"என் பையன் அந்தக் கொட்டடியிலதான் செத்தான். அப்ப அவன் அம்மா சிறையில இருந்தா. எனக்குத் தண்டனை முடியல. எங்க ரெண்டு பேருகிட்டயும் கொடுக்க மாட்டேன்னுட்டாங்க" என்றான். "எனக்கு இப்ப வீடு இருக்கு. பேரும் இருக்கு. ரெண்டையும் வச்சுக்கோங்க. நான் அறுக்கிற இடத்திலேயே படுத்துக்கிறேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். போடா உன் வேலையைப் பார்த்துக்கொண்டு என்று கரண்டியை ஓங்கினேன். ஓனி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பூரா நான் அவளோடு சண்டை போட்டேன். புருஷன் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தனைக் கட்டுவதா, அதுவும் அந்தக் கோயிலிலா, ஆத்துமாவை நினைத்துப் பாரடி என்றேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பாவம்தான் பெக் அக்கா. எனக்குத் தெரியாதா? செத்த பிறகு எங்க போகணுமோ நான் போயிக்கிறேன். எம்புள்ள இந்தக் குளிரு முடியறதுக்குள்ள வெளிய வரணும். நீ சாட்சிக்கு வர்றியா இல்லையா, அதைச் சொல்லு."

வருகிறேன் என்றேன். அதற்கு மேல் என்ன சொல்ல?

கவர்னரின் அனுமதி சுலபமாக வந்தது. ஓனி கல்யாணமாகாதவள் என்று சர்க்காரே அடித்துச் சொல்லியிருக்கிறதே! அந்தக் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பார்கள். இந்த ஆணுக்கும் இந்தப் பெண்ணுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பாதிரி கேட்பார். முதல் ஞாயிறு யாரும் சொல்லவில்லை. விஷயம் எங்கள் ஜனங்களுக்குள் பரவியது. ஓனியைக் கண்டால் பெண்கள் வீதியின் அடுத்த பக்கம் போனார்கள். என் கடைக்கு வருவதை அயர்லாந்துக்காரர்கள் பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள். கஞ்சிக்காரி என்று ஒருத்தி ஓனி காதில் விழும்படி சொன்னாள். சொன்னவளும் ஒரு காலத்தில் தன் பிள்ளையை அந்தக் கொட்டடியில் பறிகொடுத்தவள்தான். அதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

இரண்டாம் ஞாயிறு. பாதிரி ஓலையை வாசித்துவிட்டுக் கேட்டார். பின்னால் கதவு திறந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

டார்பி உள்ளே வந்தான்.

நல்ல கோட்டு, சவரம் செய்த முகம். தாண்டவே மாட்டேன் என்ற அந்த வாசற்படியைத் தாண்டி, நடுப்பாதையில் விடுவிடுவென்று வந்து நின்றான். "தடை இருக்குங்க. நான் டார்பி கான்சிடைன். இவ என் பெண்டாட்டி" என்றான்.

எனக்குள் என்ன கொதித்தது என்று எப்படிச் சொல்ல? பிள்ளை இருமி இருமித் தேய்ந்தபோது வராத கால் இன்றைக்கு வந்துவிட்டது. மாஜிஸ்திரேட் முன்னால் திறக்காத வாய் இன்றைக்குத் திறந்துவிட்டது. மகளுக்காக இல்லை. தன் பெண்டாட்டி இன்னொருத்தன் பெண்டாட்டி ஆகிறாள், ஊர் சிரிக்கிறது, அதற்காக!

பாதிரி வயசானவர், நிதானமானவர். கைதிகளின் கல்யாணத்துக்காகத் தன்னிடம் வைத்திருந்த சர்க்கார் கணக்கில் அந்தப் பேரைத் தேடினார். "இதுல உங்களுக்குக் கல்யாணம் ஆகலைன்னு இருக்கே. நீங்களே சொன்னதாம்" என்றார்.

"அன்னிக்குப் பொய் சொன்னேன்."

"அப்ப இன்னிக்குச் சொல்றது மட்டும் நிஜம்னு நான் எப்பிடி நம்பறது?" என்று கேட்டுவிட்டு, அவர் ஓனியைப் பார்த்தார். "ஏம்மா, இவர் யாரு?"

ஓனி அவனை நேராகப் பார்த்தாள். வைக்கோல் போர் எரிந்தபோது அவள் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

"பீப்பாய் செய்யறவருங்க. வீதியில பாத்திருக்கேன். வேற தெரியாது" என்றாள்.

டார்பிக்கு வேர்த்தது. சுற்றிலும் பார்த்தான். முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னைக் கண்டதும் உயிர் வந்தவன்போல் கையை நீட்டினான்.

"அவளைக் கேளுங்க! எங்க கல்யாணத்துல ஆடினவ அவ. பெக், சொல்லு. நம்ம ஊர்க்காரிதானே நீ, சொல்லு!"

பாதிரி என் பக்கம் திரும்பினார். கோயில் முழுக்க என் பக்கம் திரும்பியது. நான் எழுந்து நின்றேன். ஓனியைப் பார்க்கவில்லை. அவள் என்னைக் கெஞ்சவில்லை என்பது பார்க்காமலே தெரிந்தது. அந்தக் கல்யாண வீடு கண்முன் வந்தது. மெழுகுவர்த்தி, பிடில், சாமியாரின் சிவந்த மூக்கு, வெட்கத்தில் எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் நின்ற டார்பி. அந்த வீட்டில் அன்றைக்கு இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்றைக்கு மண்ணுக்கடியில். இந்தத் தீவில் இருக்கிற சாட்சி நான் ஒருத்திதான்.

"தெரியாதுங்க. நான் எந்தக் கல்யாணத்துலயும் ஆடல. இவருக்குக் குடி அதிகமாயிடுச்சுன்னு நினைக்கிறேன்" என்றேன்.

பொய்தான். இன்னொரு தடவை கேட்டால் இன்னொரு தடவையும் அதையே சொல்வேன். கடவுள் கேட்டால் அவரிடமும்.

இரண்டு பேர் வந்து டார்பியின் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்கள். வாசலில் எங்களுக்காகக் காத்திருந்தான். "உன் புருஷன்டி நான்" என்று அழுதுகொண்டே ஓனியின் கையைப் பிடிக்க வந்தான். அவள் கையை இழுத்துக்கொண்டாள். "இதை மாஜிஸ்திரேட்டுகிட்ட சொல்லச் சொன்னோம். இப்பக்கூடப் போயிச் சொல்லலாம். அதோ, அந்தத் தெருவுலதான் இருக்காரு" என்றாள். அவன் அந்தத் தெருவைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். நாங்கள் நடந்துவிட்டோம்.

மூன்றாம் ஞாயிறு யாரும் எழுந்திருக்கவில்லை.

கல்யாணமான மறுநாளே கொட்டடிக்குப் போனோம். ஏபெல் எங்கிருந்தோ ஒரு கைவண்டி கொண்டுவந்து, அதில் போர்வை விரித்திருந்தான். கதவருகில் இருந்த ஆள் பிள்ளையின் அப்பா யார் என்று கேட்டான். ஏபெல் தொப்பியைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து, நான்தான் என்றான். அந்த ஆள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போனான்.

ஜூடி வந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது, ஆனால் நடந்து வந்தாள். அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஏபெலையே பார்த்தாள். எங்கள் அயர்லாந்துப் பாஷையில், அவனுக்குப் புரியாத அந்தப் பாஷையில், "யாரும்மா இவரு?" என்று கேட்டாள்.

ஓனி அவளைத் தூக்கிப் போர்வையில் சுற்றி வண்டியில் வைத்தாள்.

"உன்னைக் கூட்டிட்டுப் போக வந்தவரு" என்றாள்.